தேவனுடைய நியாயத்தீர்ப்பும் இரக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு ஒருவர் மட்டும் தயங்கி நிற்பார். அவர் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "தேவன் என்னைத் தண்டிக்கிறாரா?" என்பார். அல்லது, "எனக்கு இப்படிச் செய்தவர்களை தேவன் சும்மா விட்டுவிடுவாரா?" என்பார். முதல் கேள்வியைக் கேட்பவருக்கு இரக்கம் வேண்டும். இரண்டாவதைக் கேட்பவருக்கு நியாயம் வேண்டும். ஒரே ஆள் ஒரே மாலையில் இரண்டையும் கேட்டதும் உண்டு. அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். திருச்சபைகள் வேறுபடும் இடங்களில் அதை மறைக்காமல் சொல்கிறேன். மேற்கோள் காட்டும் வசனங்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளவை.

தேவன் அன்புள்ளவர் என்றால் நியாயத்தீர்ப்பு எதற்கு?

96-ம் சங்கீதத்தின் கடைசி வசனங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று கேட்டதும் வானங்கள் மகிழ்கின்றன, சமுத்திரம் முழங்குகிறது, "காட்டுவிருட்சங்களெல்லாம் கெம்பீரிக்கும்" என்கிறார் பாடகர். நியாயாதிபதி வருகிறார் என்றால் ஒளிந்துகொள்ளத்தானே தோன்றும்? இங்கே மரங்கள் பாடுகின்றன.

இதற்குக் காரணம் அந்த எபிரெயச் சொல்லிலேயே இருக்கிறது. 'ஷாபாத்' என்றால் தீர்ப்புச் சொல்வது மட்டுமல்ல, கோணலானதை நேராக்குவதும், ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதும் அதில் அடங்கும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் கிதியோன் வழக்கு விசாரித்தவர் அல்ல. மீதியானியர் பயிரை அழித்து, குகைகளில் பதுங்கி வாழ வைத்த ஒரு ஜனத்தை மீட்டவர். அவரையும் அந்தப் புத்தகம் நியாயாதிபதிகள் வரிசையில்தான் வைக்கிறது.

நியாயத்தீர்ப்பே வேண்டாம் என்று சொல்வது, அநியாயம் அனுபவிக்காதவர்களுக்கு எளிது. நிலத்தைப் பறிகொடுத்த விதவையிடம், "தேவன் அன்பானவர், அதனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். அது அன்பாகவா அவள் காதில் விழும்? லூக்கா 18-ல் இயேசு சொன்ன உவமையில், அப்படி ஒரு விதவைதான் நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்ப வருகிறாள். அவளுக்கு நியாயத்தீர்ப்புதான் நற்செய்தி.

பழைய ஏற்பாட்டில் கோபமான கடவுள், புதிய ஏற்பாட்டில் அன்பான இயேசு. இருவரும் வேறு வேறா?

இந்தக் கேள்வி மிகப் பழையது. 2-ம் நூற்றாண்டில் மார்க்கியோன் என்பவர் ஆம், வேறு வேறுதான் என்றார். பழைய ஏற்பாட்டை முழுவதுமாகத் தள்ளிவிட்டு, லூக்கா நற்செய்தியைத் தன் விருப்பப்படி வெட்டி, பவுலின் 10 நிருபங்களோடு சேர்த்து அதையே வேதமாக வைத்துக்கொண்டார். ஏறத்தாழ கி.பி. 144-ல் ரோமாபுரித் திருச்சபை அவரை விலக்கியது. இன்று அவர் பெயர் தெரியாதவர்கள்கூட அவருடைய வேதத்தைத்தான் வாசிக்கிறார்களோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

யாத்திராகமம் 34-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய மோசமான நேரம் அது. கற்பலகைகள் உடைந்து கிடந்தன. அந்தச் சூழலில் தேவன் தம்மைப் பற்றித் தாமே சொன்ன வார்த்தை இது: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." அடுத்த வசனத்திலேயே, குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடமாட்டார் என்றும் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில். பழைய ஏற்பாடு முழுவதும் தீர்க்கதரிசிகளும் சங்கீதக்காரர்களும் இந்த வரிக்குத்தான் மறுபடி மறுபடி திரும்பி வருகிறார்கள்.

நினிவேக்குப் போகும்படி அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனா அதையே தேவன்மேல் குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொல்கிறார். "நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தர்சீசுக்கு ஓடினேன்" என்பது அவருடைய வாதத்தின் சாரம். நினிவே அசீரியரின் நகரம். அவர்களுடைய கொடுமையை இஸ்ரவேல் அறியும். அந்த நகரம் தப்பியதைக் கண்டு யோனா சாகவே விரும்புகிறார். அதற்குத் தேவன் கேட்கும் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது: வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000 பேருக்கும் அதிகமானவர்களும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா? யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

மறுபக்கம், நரகத்தைப் பற்றி வேதத்தில் அதிகம் எச்சரிப்பவர் யார் என்றால், அன்பான இயேசுதான். ஆகவே அந்தப் பிரிவினை இரண்டு பக்கமும் நிற்காது.

இரக்கம், கிருபை: இரண்டும் ஒன்றுதானா?

நெருங்கிய சொற்கள். சபையில், "வரவேண்டியது வராதிருப்பது இரக்கம், வரத் தகாதது வருவது கிருபை" என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நினைவில் வைக்க அது உதவும். ஆனால் எபிரெயச் சொற்களில் இன்னும் ஆழம் இருக்கிறது. இரக்கத்துக்கு வரும் 'ரஹமீம்' என்ற சொல், தாயின் கர்ப்பப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லோடு பிறந்தது. சுமந்து பெற்றவளுக்கு வயிற்றில் புரளுமே, அந்த உணர்வு. 'ஹெசெத்' என்பது உடன்படிக்கையை விட்டுக்கொடுக்காத உறுதி. 136-ம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறதே, அந்தக் கிருபை இதுதான்.

தேவகோபம் என்றால் நம்முடைய கோபம் மாதிரியா?

நம் கோபத்தில் மானம், பயம், களைப்பு எல்லாம் கலந்திருக்கும். "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்று யாக்கோபு சொல்வது அதனால்தான். தேவகோபம் திடீரென்று பொங்கி அடங்குவதல்ல. தீமையோடு அவர் ஒருபோதும் சமாதானமாகிவிடாத நிலை அது. பிள்ளையை அரிக்கிற நோயை ஒரு தாய் வெறுப்பாளே, அந்த வெறுப்பு அன்பிலிருந்துதான் வருகிறது. அந்த அளவில் நினைத்துப் பார்க்கலாம்.

எனக்கு வந்த நோய், என் பிள்ளையின் மரணம், இதெல்லாம் தேவனுடைய தண்டனையா?

இதைக் கேட்பவரிடம் அவசரப்பட்டுப் பேசக்கூடாது. ஆனால் இயேசு இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் இரண்டு முறை.

லூக்கா 13-ல், சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியை அவரே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகளாக இருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே மறுக்கிறார். யோவான் 9-ல் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் இது என்கிறார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்பது அவர் பதில்.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் 7 நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் இது என்று விளக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் யோபுவின்மேல் அல்ல, அந்த விளக்கங்களைச் சொன்னவர்கள்மேல் மூண்டது.

பாவத்துக்கு விளைவே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. குடித்துக் குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆனால் ஒரு துன்பத்தைப் பார்த்து, பின்னோக்கிப் போய் ஒரு பாவத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை இயேசு நம் கையில் கொடுக்கவில்லை. பிள்ளையை இழந்த தாயிடம் போய், "ஏதாவது அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறதா?" என்று கேட்ட ஒருவரை நான் அறிவேன். அந்தக் கேள்வி அவள் மனதை விட்டுப் போக எத்தனை வருடம் ஆயிற்று என்றும் அறிவேன். தயவுசெய்து அதை யாரிடமும் கேட்காதீர்கள்.

சிலுவையில் நடந்தது என்ன? கோபமான பிதா குற்றமற்ற மகனை அடித்தாரா?

அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், சில நேரம் பிரசங்க மேடையிலேயே. வேதம் அப்படிச் சொல்லவில்லை. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" என்கிறார் பவுல். சிலுவை பிதாவின் அன்பைச் சம்பாதிக்கவில்லை. அது அந்த அன்பிலிருந்து வந்தது. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5 சொல்லும்போது, பிதா ஒரு பக்கமும் குமாரன் மறுபக்கமும் நிற்கவில்லை.

இதை விளக்கத் திருச்சபை பல வழிகளில் முயன்றிருக்கிறது. கீழைத் திருச்சபைகள் மரணத்தையும் சாத்தானையும் கிறிஸ்து ஜெயித்த வெற்றியாக அதிகம் பேசின. கான்டர்பரி பேராயராக இருந்த அன்செல்ம் 1098-ல் முடித்த நூலில், மனிதன் தேவனுக்குச் செலுத்தத் தவறிய மகிமையைத் தேவமனிதர் ஒருவரே ஈடுசெய்ய முடியும் என்று வாதிட்டார். 16-ம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள், நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். இவற்றில் எதுவும் தனியாக முழு உண்மையையும் அள்ளிவிடவில்லை என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் உதவியது ரோமர் 3:25-ல் வரும் ஒரு சொல். கிறிஸ்துவைத் தேவன் 'ஹிலாஸ்டேரியோன்' ஆக ஏற்படுத்தினார் என்கிறார் பவுல். நம் வேதத்தில் 'கிருபாதாரபலி' என்று இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே சொல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைக் குறிக்கிறது, அதாவது கிருபாசனத்தை. பெட்டிக்குள் இருப்பவை நியாயப்பிரமாணத்தின் பலகைகள், நாம் மீறிய கட்டளைகள். அவற்றின்மேல் மூடி. ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியர் இரத்தத்தைத் தெளிப்பது அந்த மூடியின்மேல். தேவன் மோசேயைச் சந்தித்துப் பேசுவதாகச் சொன்னதும் அதே இடத்தில். கட்டளை தூக்கி எறியப்படவில்லை, மீறினவனும் தூக்கி எறியப்படவில்லை. தீர்ப்பும் இரக்கமும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது இயேசு என்கிறார் பவுல்.

மன்னிக்கப்பட்டால் விளைவுகளும் போய்விடுமா?

எப்போதும் இல்லை. பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைக் கொல்வித்த தாவீது ராஜா, தீர்க்கதரிசி நாத்தான் வந்து பேசியதும் "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றார். மன்னிப்பு அந்தக் கணமே வந்தது. ஆனால் பட்டயம் அவர் வீட்டை விட்டு விலகவில்லை. பிறந்த குழந்தையும் இறந்தது. அந்தக் குழந்தையின் மரணத்தை வாசிக்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது, அதை எளிதாக விளக்கிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும்: உரியாவின் மரணத்தை ஒன்றுமில்லாததுபோல் தேவன் கடந்துபோகவில்லை.

வாழ்நாள் முழுவதும் தீமை செய்தவன் கடைசி நிமிடத்தில் மனந்திரும்பினால் போதுமா?

சிலுவையில் தொங்கிய கள்வனுக்குப் போதுமானதாக இருந்தது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் இயேசு. கள்வனுக்கு ஞானஸ்நானமும் இல்லை, திருத்திக்கொள்ள நாளும் இல்லை. ஆனால் அவன் சொன்னதைக் கவனியுங்கள்: நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், இவர் தகாதது ஒன்றையும் செய்யவில்லை. தன்மேல் வந்த தீர்ப்பை ஒப்புக்கொண்ட பிறகுதான் "அடியேனை நினைத்தருளும்" என்று கேட்டான்.

கடைசி நிமிடத்துக்காகக் காத்திருக்கலாமே என்று திட்டமிடுகிறவருக்கு இந்தக் கதை உதவாது. அந்தக் கள்வன் திட்டமிடவில்லை.

விசுவாசத்தால் இரட்சிப்பு என்றால், கிரியைகளின்படி நியாயத்தீர்ப்பு என்று ஏன் இருக்கிறது?

மத்தேயு 25-ல் ராஜா கேட்பது பசி, தாகம், வஸ்திரம், வியாதி, சிறை பற்றித்தான். இதை வைத்துக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் நூற்றாண்டுகளாக வாதிட்டார்கள். 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார், அதன் கனியாக நற்கிரியைகள் வருகின்றன என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் மரத்தைக் கனியால் அறிவது என்ற இயேசுவின் பேச்சு எல்லோருக்கும் பொது. மத்தேயு 25-ல் வலதுபக்கம் நிற்பவர்கள், "எப்பொழுது உமக்கு இதைச் செய்தோம்?" என்று திகைக்கிறார்கள். கணக்கு எழுதி வைத்தவர்கள் அப்படித் திகைக்கமாட்டார்கள்.

நரகம் உண்மையா? அங்கே போகிறவர்கள் என்றென்றும் அங்கேதானா?

இயேசு பயன்படுத்திய சொல் 'கெஹென்னா'. அது எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். அந்தப் பள்ளத்தாக்கில் ராஜாக்களே தங்கள் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள். எரேமியா 7-ல் தேவன் அதைப் பற்றி, நான் கட்டளையிடவும் இல்லை, என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். நரகத்துக்குப் பெயர் கொடுத்தது மனிதர் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

முடிவற்ற தண்டனை என்பது பெரும்பான்மைத் திருச்சபையின் போதனை. அகஸ்டின் அதை உறுதியாக வாதிட்டார். துன்மார்க்கர் இறுதியில் இல்லாமற்போவார்கள் என்று கருதும் கிறிஸ்தவர்களும் உண்டு. எல்லோரும் ஒருநாள் தேவனிடம் திரும்புவார்கள் என்ற நம்பிக்கையை 4-ம் நூற்றாண்டில் நிசாவின் கிரெகோரியார் எழுதினார், அவரைத் திருச்சபை இன்றும் புனிதராகவே மதிக்கிறது. அதே திசையில் போன, 3-ம் நூற்றாண்டு இறையியலாளர் ஒரிகனின் பெயர் 553-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய சங்கத்தில் கண்டனத்துக்குள்ளானது. கத்தோலிக்கர் இதற்கெல்லாம் வேறாக, இரட்சிக்கப்பட்டவர்கள் தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் நம்புகிறார்கள்.

என் நிலையைக் கேட்டால், இயேசுவின் எச்சரிக்கையை மெல்லியதாக்க எனக்கு உரிமை இல்லை என்பேன். யார் அங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் போடவும் உரிமை இல்லை. "நான் துன்மார்க்கனுடைய மரணத்தை விரும்பாமல்" என்று எசேக்கியேல் 33-ல் தேவன் சொல்கிறார். நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர் அதே விருப்பமின்மையோடு பேச வேண்டும்.

இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே இறந்தவர்கள்?

நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்தில் அதன் கிரியை எழுதியிருக்கிறது, மனச்சாட்சி சாட்சியிடுகிறது என்று ரோமர் 2 சொல்கிறது. தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், உண்மை மனதோடு தேவனைத் தேடுகிறவர்கள் இரட்சிப்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் போதித்தது. வேறு சபைகள் இவ்வளவு தூரம் போகத் தயங்கும். நான் ஆபிரகாமின் கேள்வியில் நின்றுகொள்கிறேன். சோதோமுக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை இறங்கி மன்றாடியபோது அவர் கேட்டது: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?"

மன்னிக்க முடியாத பாவம் ஒன்று உண்டாமே? அதை நான் செய்துவிட்டேனோ?

மாற்கு 3-ல், பரிசுத்த ஆவியின் கிரியையைக் கண்ணால் கண்டும் அதைப் பிசாசின் வேலை என்றவர்களிடம் இயேசு பேசுகிறார். அவர்கள் மன்னிப்பை விரும்பவே இல்லை. செய்துவிட்டேனோ என்று பயந்து தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள் என்றால் நீங்கள் அவர்கள் நின்ற இடத்தில் இல்லை.

என்னைக் கொடுமைப்படுத்தியவரை மன்னித்தே ஆக வேண்டுமா? புகார் கொடுத்தால் பாவமா?

பாவமல்ல. இதைச் சபைக்குள் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. "மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே" என்று அடிபட்ட பெண்ணிடமும் பிள்ளையிடமும் சொல்லப்படும்போது, அது இரக்கத்தின் பெயரால் நடக்கும் இரண்டாவது அநியாயம். தீமை செய்கிறவனுக்கு எதிராக அதிகாரத்தைத் தேவனே ஏற்படுத்தினார் என்று ரோமர் 13 சொல்கிறது. புகார் கொடுப்பது, விலகி நிற்பது, மறுபடி அந்த வீட்டுக்குள் போக மறுப்பது, இவை எதுவும் மன்னிப்புக்கு விரோதமல்ல.

அப்படியானால் மன்னிப்பு என்றால் என்ன? "பழிவாங்குதல் எனக்குரியது" என்று தேவன் சொல்வதை நம்பி, அந்தப் பழியை அவர் கையில் ஒப்படைப்பது. நியாயத்தீர்ப்பு உண்டு என்று நம்புகிறவருக்குத்தான் இது முடியும். தேவன் கேட்கவே மாட்டார் என்றால் நானே கேட்டாக வேண்டும். இது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல, யாரும் உங்களுக்குக் கெடு வைக்கக் கூடாது.

ஆனால் மத்தேயு 18-ல் வரும் கணக்கையும் மறைக்க முடியாது. ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் அந்தக் கடன் அடைய 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். அதை ராஜா மன்னித்தார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்தான். 100 நாள் கூலி சின்னத் தொகை அல்ல; நமக்குச் செய்யப்பட்ட தீங்கு ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. மற்றத் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

நியாயத்தீர்ப்பு நாளை நினைத்தாலே எனக்குப் பயம். எப்படி ஜெபிப்பது?

அந்த நாளில் சிங்காசனத்தில் இருப்பவர் யார் என்பதை முதலில் நினையுங்கள். நியாயத்தீர்ப்பு செய்யும் அதிகாரம் முழுவதையும் பிதா குமாரனுக்கு ஒப்புக்கொடுத்தார் என்கிறது யோவான் 5. கைகளில் ஆணியின் காயம் உள்ளவர் அவர்.

வார்த்தை வரவில்லை என்றால் லூக்கா 18-ல் வரும் ஆயக்காரனின், அதாவது வரி வசூலிப்பவனின், ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." இங்கே 'கிருபையாயிரும்' என்பதற்கு லூக்கா எழுதிய கிரேக்கச் சொல், மேலே சொன்ன கிருபாசனத்தின் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கத் துணியாமல், அவன் கேட்டது அந்த மூடியைத்தான். தேவாலயத்தில் அன்று வேறு எதுவும் அவன் சொல்லவில்லை. அவனே நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான் என்றார் இயேசு.